எச்சிசென் தாளூரும் ஒரு தெய்வக் கதையும்

ஜப்பானில் தாள் செய்தொழில் தோன்றிய காலத்தைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் கி.பி. 610 ஆம் ஆண்டையே குறிப்பர். கொகுரியோ நாட்டினின்றும் வந்த தொன்சோ என்னும் புத்தத் துறவி வண்ணமும் தாளும் மையும் செய்ய வல்லவர் என்று, 720 இல் நிறைவுற்ற ‘நிகோன் சோக்கி’ அவ்வாண்டு நிகழ்ச்சியாக உரைப்பதே அதற்குச் சான்றாகும். ஆயின் அந்நூல் அவரை வல்லவர் என்கின்றதேயன்றி, அவர்க்கு முன் அத்தொழிலை அறிந்தார் அந்நாட்டில் இலர் என்று கூறவில்லை. இவ்வேறுபாட்டைப் பலரும் கருதாது விடுகின்றனர். 702 இல் மினோ, சிக்குசென், புசென் நாடுகளில் தாளில் எழுதப்பட்ட குடிக்கணக்குகள் நாரா நகரத்துச் சோசோயின் கருவூலத்தில் இன்றும் உள. தலைநகர்க்குப் புறத்தேயும் தாள் வழங்கியமைக்கு இவை கரி.

புகுயி மாவட்டத்து எச்சிசென் பகுதியில், மலைகளுக்கிடையே ஓதாக்கி முதலிய ஐந்து சிற்றூர்கள் தாள் செய்தலையே வாழ்வாகக் கொண்டவை. யாம் ஆங்குச் சென்றிருந்தபோது ஊரார் சொல்லக் கேட்ட கதை தொன்சோவை அறியாதது. 507 இல் அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் கெய்தாய் மன்னர் இளவரசராய் அந்நாட்டில் வாழ்ந்த நாளில், ஓகாபுதோ ஆற்றின் மேற்புறத்தே பெண்ணொருத்தி தோன்றினாளாம். இவ்விடத்து வயல் குறைவு, நீரோ தூயது, ஆதலின் தாள் செய்து பிழைமின் என்று கூறித் தன் மேலாடையைக் கழியில் மாட்டிவிட்டுத் தொழிலைக் கற்பித்து மறைந்தாளாம். அவளே காவாக்காமி கோசென் என்னும் தெய்வம். 1843 இல் கட்டப்பட்ட கோயிலில் இன்றும் வழிபடப் பெறுகின்றாள்.

இக்கதை கொண்டு காலத்தை நிறுவுதல் இயலாது. நிறுவ முயல்வாரோடு யாம் உடன்படோம். எனினும் ஏட்டில் இல்லாத ஒன்று கதையில் உளது. தாள் யாவரால் வந்தது என்பதை ஏடு சொல்லுகின்றது. இவ்வூரில் ஏன் நிலைத்தது என்பதைக் கதை சொல்லுகின்றது. தொழிலைக் கண்டார்க்கு இது தெளிவாகும். முசுக்கொட்டையின் குடும்பத்ததாகிய கோசோ மரப்பட்டையை அவித்தபின் ஓடுநீரில் அலசுதல் வேண்டும். நீர் கலங்கின் தாளும் கறுக்கும். நாரை நீரில் மிதக்கவைக்க, நம் வெண்டைக்கு உறவாகிய தொரோரோ என்னும் செடியின் வேர்க்குழம்பைச் சேர்ப்பர். வெயிற் காலத்தில் அக்குழம்பு நீர்த்துப்போகும். ஆதலின் குளிர்காலத் தாளே சிறந்தது என்பர். வயல்வேலை ஓய்ந்திருக்கும் பருவமும் அதுவே.

1868 இல் புதிய அரசு வெளியிட்ட பணத்தாளுக்கு இவ்வூர்த் தாளே பயன்பட்டது. யாம் கண்ட பட்டறையிலோ, பெண்டிர் இருவர் தண்ணீர்த் தொட்டியருகே குனிந்து, வெந்த நாரிற் கிடந்த கரும்புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கையாற் களைந்துகொண்டிருந்தனர். ஒரு கூடை முடிய எத்துணை நேரமாகும் என்று வினவினோம். இருவரும் நகைத்தனரேயன்றி விடை கூறிற்றிலர்.