ஸ்பேனர் யார் கையில்?

அம்மாவின் மொபெட்டில் செயின் தொங்கத் தொடங்கினால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். செயின் கவரில் உரசிக் கடகடவென்று சத்தம் வரும். அப்படி ஒருநாள் அன்னவாசல் சாலையில் செயின் கழன்றே விட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனோம். எனக்குப் பத்து வயது. "அண்ணன வரச் சொல்லுங்கக்கா, என்ன வேலைன்னு அவர்கிட்ட சொல்லிடுறேன்" என்றார் மெக்கானிக். தினமும் ஓட்டுகிறவள் அம்மா. விவரம் கேட்க வேண்டியவரோ அந்த வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காத அப்பா!

புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றது இன்று வரலாறு. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. இந்த அலையைக் கண்டு, அறிவொளிப் பெண் தொண்டர்களுக்கு 50 மொபெட்டுகளை யுனிசெஃப் அனுமதித்தது.

அம்மாவும் அறிவொளியில் சைக்கிள் பழகியவள்தான். அந்த 50இல் ஒன்று அவளுக்கு வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து, சீட்டுப் பணத்தில் ஒரு பழைய மொபெட்டை வாங்கினாள்.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பெண்கள் ஓட்டியதைச் சொல்கிறோம். செயின் கழன்ற இடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. இந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் சைக்கிள் மோகம் பரவியிருந்த 1896இல், மரியா வார்ட் பெண்களுக்காக எழுதிய சைக்கிள் கையேட்டில் பெண்களையும் கருவிகளையும் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. ஊசியும் கத்தரியும் பழகிய கைக்கு மற்றக் கருவிகளும் வசப்படும் என்பது அவர் வாதம்.

அம்மா அந்த நூலைக் கேள்விப்பட்டதில்லை. அடுத்த முறை பட்டறையில் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். பிறகு ஸ்பேனர் வாங்கி வந்தாள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கர ஆக்சில் நட்டுகளைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருகுவாள். ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணிவிடும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் எங்கே மிகவும் இறுகுகிறதோ அங்கே விரலால் தூக்கிப் பார்ப்பாள். அங்கேயும் ஒரு விரல் தடிமனுக்கு ஆட வேண்டும். "தளர்ந்தா கழண்டுரும்டி, ரொம்ப இறுக்கினா அறுந்துரும்" என்பாள். நட்டுகளை முறுக்கி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது.

பிறகு எங்கள் தெருப் பெண்கள் செயின் கழன்ற சைக்கிளோடு வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருத்தியிடமும், வீட்டு ஆம்பளையை வரச் சொல் என்று அம்மா சொன்னதில்லை.