ராயப்பேட்டை, தங்கவயல், கீழ்ப்பாக்கம்

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறை மேடையேறியது. கானா, பறை, ராக், ராப் எல்லாம் கலந்த இசை. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் கூச்சமின்றிப் பாடியது. குழு புதிது. ஆனால் அதன் பெயருக்குள் இருக்கும் 'சாதி பேதமற்றோர்' என்ற அறிவிப்பு, அந்த மேடைக்கு வர நூறாண்டுக்கு மேல் பயணம் செய்திருந்தது.

புறப்பட்ட இடம் ராயப்பேட்டை. 1907 ஜூனில் பண்டிதர் அயோத்திதாசர் அங்கே 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்டோர் சாதியற்ற பூர்வ பௌத்தர்களே என்று வாரந்தோறும் எழுதினார்.

அந்த எழுத்து வேரூன்றிய மண் கோலார் தங்கவயல். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியதும் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் போனார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்டவர்கள். பூமிக்கடியில் வெக்கையும் பாறை வெடிப்பும். மேலே வரிசை வீடுகள். ஆனால் ஊர்ச்சேரியில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது: கையில் கூலிக்காசு. அந்தக் காசு மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கமாயிற்று, இதழுக்குச் சந்தாவாயிற்று, சாம்பியன் ரீப்ஸில் சித்தார்த்தா புத்தகசாலையாயிற்று. 1914இல் பண்டிதர் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்', 1926இல் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருக்கத் தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. சென்னையில் அணைந்த விளக்கைச் சுரங்கத் தொழிலாளர் ஊர் ஏற்றிவைத்தது.

பிறகு நீண்ட மௌனம். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வெளிவந்தது. புதிய தலைமுறை பண்டிதரைப் படித்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே வேரூன்றிய சிந்தனை மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. 2018இல் மைக் பிடித்தது.

இங்கிலாந்தின் கவென்ட்ரியிலும் இப்படி ஒன்று நடந்தது. 1979இல் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவில் நின்று ஜமைக்காவின் ஸ்காவைப் பங்க் இசையோடு கலந்தார்கள்; நிறவெறிக்கு எதிரான அந்தப் பாட்டை வெளியிட 'டூ டோன்' என்ற சொந்த நிறுவனம் எழுந்தது. தன் பேச்சுக்குத் தானே மேடை கட்டிக்கொள்பவரைத்தான் சுயாதீனக் கலைஞர் என்கிறோம். அந்தப் பாடத்தைத் தமிழுக்கு எவரும் வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கூலியில் மிச்சம் பிடித்து அச்சகமும் இதழும் நடத்திய தங்கவயல்காரர்கள் அதை முன்பே செய்துகாட்டிவிட்டார்கள். தமிழின் சுயாதீன இசை வரலாற்றை எழுதுகிறவர்கள், இசைத்தட்டுக்கு முன்னால் அந்த அச்சகத்திலிருந்து தொடங்க வேண்டும்.