வட்டியை நம்பிப் போட்ட பட்ஜெட்

மெயின்டனன்ஸ் கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், "கார்பஸ் ஃபண்டில்தான் பணம் இருக்கிறதே, நல்ல வட்டி வரும் இடத்தில் போட்டால் போதாதா?" என்று யாராவது கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் ஒரு பணக்காரக் கவுண்டி கிட்டத்தட்ட அந்த வழியில்தான் போனது. 1994-ல் அது திவாலானது.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. ஆனால் மக்கள் தேர்ந்தெடுக்கும் சபையும், சொந்த வரி வருமானமும், சொந்த பட்ஜெட்டும் அதற்கு உண்டு. சிறைச்சாலை, பொது சுகாதாரம், ஏழைகளுக்கான உதவி, நூலகம் எல்லாம் அதன் பொறுப்பு. நாம் சொல்லும் ஆரஞ்சு கவுண்டி கலிஃபோர்னியாவில் இருக்கிறது. டிஸ்னிலேண்ட் இருக்கும் இடம் என்றால் உங்களுக்குத் தெரியும். அப்போது அங்கே சுமார் 25 லட்சம் பேர் வசித்தார்கள்.

கதை 1978-ல் தொடங்குகிறது. வீட்டு விலையோடு சொத்து வரியும் ஏறிக்கொண்டே போனதால் கொதித்துப்போன கலிஃபோர்னியா மக்கள், 'புரொபசிஷன் 13' என்ற சட்டத்தை வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வீடு கைமாறும்வரை அந்த மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது. வீட்டுக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் 1980-ல் அமெரிக்காவின் விலைவாசி உயர்வு 13.5 சதவீதம். சம்பளம், மருந்து, பெட்ரோல் எல்லாம் அந்த வேகத்தில் ஏற, பழைய வீடுகளின் வரியோ 2 சதவீதத்தில் நின்றது. 1990களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தம் வந்தபோது, மாநில அரசும் கவுண்டிகளுக்கு வர வேண்டிய சொத்து வரியில் ஒரு பகுதியைப் பள்ளிகளுக்குத் திருப்பிவிட்டது.

பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. வரியைக் கூட்டுவதும் கடினம், சேவைகளைக் குறைத்தாலும் எதிர்ப்பு. அப்போது கைகொடுத்தவர் கவுண்டியின் பொருளாளர் ராபர்ட் சிட்ரன். கவுண்டி, நகராட்சிகள், பள்ளி நிர்வாகங்கள், குடிநீர் வாரியங்கள் என சுமார் 190 அமைப்புகளின் பணம், ஏறத்தாழ 760 கோடி டாலர், அவர் பொறுப்பில் இருந்தது. மாநில அரசின் முதலீட்டு நிதியைவிட அதிக வட்டி ஈட்டிக் காட்டினார். எல்லோரும் கொண்டாடினார்கள்.

எப்படி ஈட்டினார்? நகையை அடகு வைத்து, அந்தப் பணத்தில் இன்னொரு நகை வாங்கி, அதையும் அடகு வைப்பது போன்ற வழி. கடன் பத்திரங்களை ஈடாக வைத்துக் குறைந்த வட்டிக்குக் குறுகிய காலக் கடன் வாங்கி, அதில் மேலும் பத்திரங்கள் வாங்கினார். மொத்த முதலீடு 2,000 கோடி டாலரைத் தாண்டியது. சந்தை வட்டி குறைவாக இருக்கும்வரை லாபம். ஏறினால் இரட்டை அடி: கடனுக்கான வட்டி கூடும், கையிலுள்ள பத்திரங்களின் விலை விழும்.

1994-ல் அதுதான் நடந்தது. அமெரிக்க மத்திய வங்கி பிப்ரவரி முதல் நவம்பர் வரை ஆறு முறை வட்டியை உயர்த்தி, 3 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு பொருளாளர் தேர்தலில் சிட்ரனை எதிர்த்து நின்ற ஜான் மூர்லாக் என்ற கணக்காளர் இந்த ஆபத்தை வெளிப்படையாகவே எச்சரித்திருந்தார். மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். டிசம்பர் 6-ல் கவுண்டி திவால் மனு போட்டது. நஷ்டம் சுமார் 164 கோடி டாலர்; போட்ட பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

சிட்ரன் தன் பைக்குள் பணம் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் வட்டிப் பணத்தைக் கணக்கு மாற்றி எழுதியது உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். வட்டி எப்படிப் போகும் என்று அவர் ஜோசியரிடம் கேட்டுக்கொண்டிருந்ததும் விசாரணையில் தெரியவந்தது.

பள்ளத்தை நிரப்ப விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டலாமா என்று 1995 ஜூனில் மக்களிடம் கேட்டார்கள். மக்கள் மறுத்துவிட்டார்கள். ஆட்குறைப்பு நடந்தது, பஸ், பூங்கா, வெள்ளத் தடுப்புக்கான நிதியிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. 1996-ல் திவால் நிலையிலிருந்து மீண்டாலும், அதற்காக வாங்கிய கடன் தீர 2017 ஆனது. 1994-ல் பிறக்காத பிள்ளைகளும் அதன் சுமையைச் சுமந்தார்கள்.

தவறு சிட்ரனோடு முடிவதில்லை. செலவு ஏறுவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு யார் பணம் கட்டுவது என்ற பேச்சைத் தவிர்க்க வட்டி உதவியது. பணம் வந்துகொண்டிருந்தவரை அது எப்படி வருகிறது என்று சபையும் கேட்கவில்லை, மக்களும் கேட்கவில்லை.

நம் சங்கத்தின் தொகை சிறியதுதான். கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை. பொதுக்குழுவுக்கு முன் பட்ஜெட் தாள் உங்கள் கைக்கு வரும்போது, செலவுப் பக்கத்தோடு வரவுப் பக்கத்தையும் பாருங்கள். செக்யூரிட்டி சம்பளம், லிஃப்ட் பராமரிப்பு, டீசல் போன்ற மாதாமாதச் செலவு, மாதாமாதம் உறுதியாக வரும் பணத்தில் அடங்குகிறதா? வட்டி பாதியானால் எந்தச் செலவு நிற்கும்? சேமிப்பு எங்கே, எந்த நிபந்தனையில் இருக்கிறது? பொருளாளரைச் சந்தேகப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை. நம் பணம் என்பதால் கேட்க வேண்டும்.