வயரின் மேல் எழுதியிருப்பது

"கரண்ட் வயர். நல்ல நிலையில் உள்ளது. விலை பேசித் தீர்மானிக்கலாம்." இக்மன் போன்ற இணைய விற்பனைப் பக்கங்களில் இத்தகைய விளம்பரங்களை அடிக்கடி காண்கிறேன். சுருட்டி வைத்த கறுப்பு வயரின் படம் ஒன்று கூடவே இருக்கும். 2020 இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 2022 ஆம் ஆண்டு நெருக்கடியும் இலங்கையில் பழைய பொருட்களுக்குப் புதிய மதிப்பைக் கொடுத்துவிட்டன. முன்பு குப்பைக்குப் போன வயருக்கும் இப்போது விலை உண்டு.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கும் உறவுக்கார இளைஞன் நான்கு வயர்களின் படங்களை எனக்கு அனுப்பியிருந்தான். "மாமா, இதுக்கு என்னான்னு பேரு போட்டு விக்கிறது?" என்பது அவன் கேள்வி. அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டு, ஊவாத் தோட்டங்களுக்கு மின்சாரம் வந்த கதையாகிவிட்டது. அதையே இங்கு தருகிறேன்.

மலையகத்தின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் கட்டுரை வாசித்தார். அவர் கனவு கண்ட லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். ஆயினும் தோட்டங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலைகள், அதாவது நம்மவர் சொல்லும் 'ஸ்டோரு', ஓடை நீரைக் குழாயில் இறக்கிச் சக்கரங்களைச் சுழற்றின. பின்னர் எண்ணெய் இயந்திரங்களும் வந்தன. ஸ்டோரிலும் துரை பங்களாவிலும் விளக்கு எரிந்த காலத்தில், கூப்பிடு தூரத்திலிருந்த லயங்களில் எரிந்தது குப்பி விளக்கு. அது சரிந்து உடல் கருகியவர்கள் இந்நாட்டில் ஏராளம். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர எளிதில் சரியாத குட்டையான விளக்கொன்றை வடிவமைத்து, 1998 இல் ரோலெக்ஸ் விருது பெற்றார் என்றால் நிலைமை விளங்கும்.

1982 இல் ரூபவாஹினி தொடங்கிய பின் லயங்களுக்குத் தொலைக்காட்சி வந்தது; மின்சாரம் வரவில்லை. கார் பற்றரியைத் தோளில் சுமந்து நகருக்குப் போய்ச் சார்ஜ் செய்து வந்து படம் பார்த்தார்கள். 12 வோல்ட் பற்றரி ஆளைத் தாக்காது. கிடைத்த வயரை முறுக்கி ஒட்டினாலும் படம் தெரியும். பின்னர் லயத்துக்கு 230 வோல்ட் வந்தபோதும் அந்தப் பழக்கம் பலரை விட்டுப் போகவில்லை என்பது என் எண்ணம்.

இனி வயருக்கு வருவோம். முதற் படத்தில் இருந்தது உருண்டை முனைகள் மூன்று கொண்ட பெரிய பிளக். பி.எஸ். 546 என்ற பிரித்தானியத் தரம், 1934 இல் வெளியானது. சின்னது 5 அம்பியர், பெரியது 15 அம்பியர். காலனிக் காலத்தோடு வந்த இந்த வகை இந்தியாவிலும் இலங்கையிலும் ஊன்றிவிட்டது. பிரித்தானியாவோ போருக்குப் பின் வீடுகளை மீளக் கட்டும்போது அதைக் கைவிட்டு, 1947 இல் பி.எஸ். 1363 என்ற சதுர முனைப் பிளக்கைக் கொண்டுவந்தது. அதைத் திட்டமிட்ட குழுவிலிருந்த ஒரே பெண் கரோலைன் ஹாஸ்லெட். சிறுவர் விரலோ ஊசியோ நுழையாதபடி சொக்கெட்டின் வாயை மூடிவைக்கும் தகடு இந்த வகையின் சிறப்பு. இலங்கை 2017 இல் இந்த 13 அம்பியர் வகையையே நாட்டின் ஒரே தரமாக்கி, மற்றவற்றைப் படிப்படியாக விலக்கத் தீர்மானித்தது.

சதுர முனைப் பிளக்கின் வயிற்றில் பியூஸ் உண்டு. உருண்டை முனைப் பிளக்கில் பொதுவாக இல்லை. விற்பவர் அவசியம் சொல்ல வேண்டிய வேறுபாடு இது. வயர் தாங்காத அளவு மின்சாரம் பாய்ந்தால் சதுரப் பிளக்கின் பியூஸ் உருகி வயரைக் காப்பாற்றும். உருண்டைப் பிளக்கில் அந்தக் காவல் சுவரில் உள்ள பலகையின் பியூஸிடம் விடப்பட்டிருக்கிறது. அங்கே பியூஸ் கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியை யாராவது கட்டியிருந்தால் காவலே கிடையாது.

வயரின் தடிப்பை எப்படி அறிவது? உறையைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எழுத்துத் தெரியும். 'எச்05விவி-எப் 3ஜி 0.75' என்றிருந்தால், 05 என்பது 300/500 வோல்ட், இரண்டு 'வி'யும் உள்ளுறையும் வெளியுறையும் பிவிசி என்பதைக் குறிக்கும், 'எப்' வளையக்கூடியது, 3 இழைகள், 'ஜி' என்றால் அவற்றில் ஒன்று பச்சை-மஞ்சள் எர்த், 0.75 என்பது செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீற்றரில். அது 6 அம்பியர் தாங்கும். 1.0 ஆனால் 10, 1.25 ஆனால் 13. 2000 வாட் கேத்தல் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். கணக்கு அவ்வளவுதான்.

பழைய வயரில் 40/0076 என்ற வகைக் கணக்கு இருக்கும். அங்குலத்தின் 0.0076 பங்கு தடிப்புள்ள கம்பிகள் நாற்பது என்பது பொருள். பிரித்தானியா 1970 அளவில் மெட்ரிக்குக்கு மாறியும் நம் கடைகளில் அந்தப் பேச்சு மாறவில்லை. 23/0076 என்றால் 0.75ஐ விடச் சற்றே மெல்லியது. சிவப்பு, கறுப்பு, பச்சை இழைகளும் பழைய காலத்தவை. மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள் பின்னர் வந்தவை. சதுரப் பிளக்கின் மின்முனைகள் அடிவரை வெறும் பித்தளையாக இருந்தால், அநேகமாக 1984க்கு முந்தியது. அந்த ஆண்டுதான் முனையின் பாதிக்குக் கறுப்பு உறை கட்டாயமாயிற்று. ஆனால் எர்த் முனைக்கும் உறை போட்டிருந்தால் அது போலி. வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

மறுமுனையையும் பார்க்க வேண்டும். கணினியில் செருகும் சி13 முனை 70 பாகை வெப்பம் வரைக்கும் உரியது. கேத்தலுக்குரிய சி15 அதே உருவம்தான். 120 பாகை தாங்கும், கீழே ஒரு வெட்டு இருக்கும். இரண்டையும் 'கேத்தல் வயர்' என்று போடுவது வழக்கமாகிவிட்டது. நான்காவது வயர் ஜப்பானியப் பொருளொன்றோடு வந்தது: 125 வோல்ட், 7 அம்பியர் என்று அதன் பிளக்கிலேயே எழுதியிருந்தது. அதை இலங்கைச் சொக்கெட்டுக்கு என்று விற்க வேண்டாம் என்றேன்.

லயத்துக்கு இது ஏன் இத்தனை முக்கியம்? ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். பல லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை; மேலே பழைய மரச்சட்டங்கள். ஒரு காம்பராவின் மூலையில் சூடான வயர் அடுத்தடுத்த குடும்பங்களின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடப்புத்தகம், சேமித்த நகை எல்லாவற்றையும் சேர்த்து எரிக்கும். 'மின்னொழுக்கே காரணம் எனச் சந்தேகிக்கப்படுகிறது' என்ற வாக்கியத்துடன் பத்திரிகைச் செய்தி முடியும். எந்த வயர், எத்தனை அம்பியர், எங்கே வாங்கியது என்பது செய்தியில் இராது.

இளைஞனுக்கு நான் எழுதிக் கொடுத்த விளம்பரம் இது: "மூன்று இழை வளையும் வயர், 0.75 சதுர மில்லிமீற்றர், 6 அம்பியர், 230 வோல்ட். ஒரு முனை 13 அம்பியர் சதுரப் பிளக், உள்ளே 3 அம்பியர் பியூஸ், மறுமுனை சி13. நீளம் 1.8 மீற்றர். கணினி, மொனிட்டருக்கு மட்டும். கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டிக்கு உதவாது."