‘டாக்டர் கோட்னிஸ் கி அமர் கஹானி’: 1946-ல் வந்த படத்தில் எவ்வளவு உண்மை?

புனேயில் வேலை பார்ப்பவர் என்றால் லா காலேஜ் ரோடு வழியாக நூறு தடவையாவது போயிருப்பீர்கள். அங்கே இருக்கும் எஃப்டிஐஐ திரைப்படக் கல்லூரி ஒரு காலத்தில் பிரபாத் ஸ்டூடியோ. பிரபாத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வி. சாந்தாராம் 1942-ல் அங்கிருந்து பிரிந்து பம்பாய்க்குப் போனார், ராஜ்கமல் கலாமந்திர் என்ற சொந்த நிறுவனத்தை ஆரம்பித்தார். 1946-ல் அவர் எடுத்த இந்திப் படம்தான் ‘டாக்டர் கோட்னிஸ் கி அமர் கஹானி’. அவரே இயக்கி, கதாநாயகனாகவும் நடித்தார். கிராம மக்களுக்காக உயிரைக் கொடுக்கும் டாக்டர் கதைகள் நம் சினிமாவில் நிறைய உண்டு. இந்தப் படத்தின் டாக்டர் நிஜ மனிதர் என்பதுதான் வித்தியாசம். அவர் போன கிராமங்கள் இருந்ததோ சீனாவில்.

யார் இந்த கோட்னிஸ்?

துவாரகாநாத் கோட்னிஸ் 1910-ல் சோலாப்பூரில் பிறந்தவர். சோலாப்பூர் புனேயிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். பம்பாய் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1937-ல் ஜப்பான் சீனாவுக்குள் படையெடுத்தது. டாக்டர்களை அனுப்பி உதவும்படி சீனத் தளபதி சூ தே நேருவுக்குக் கடிதம் எழுதினார். அப்போது காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். மக்களிடம் நிதி திரட்டி, 1938-ல் ஐந்து டாக்டர்களைக் கப்பலில் அனுப்பினார்கள்: அடல், சோல்கர், முகர்ஜி, பாசு, கோட்னிஸ். ஒன்றைக் கவனியுங்கள். நாமே அப்போது அடிமை நாடு. இன்னொரு நாட்டுக்கு மருத்துவக் குழு அனுப்பியது அரசாங்கம் இல்லை, விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்த ஒரு கட்சி.

நான்கு பேர் திரும்பி வந்தார்கள். கோட்னிஸ் வரவில்லை. வட சீனாவில் எட்டாவது வழிப் படையோடு சேர்ந்து, மலைக் கிராமங்களில் காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1940-ல் நடந்த ஒரு நீண்ட சண்டையின்போது 72 மணி நேரம் தூக்கமே இல்லாமல் ஆபரேஷன் செய்தார் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. 1941-ல், கனடா நாட்டு டாக்டர் நார்மன் பெத்யூன் பெயரில் இயங்கிய சர்வதேச அமைதி மருத்துவமனைக்கு இயக்குநர் ஆனார். பெத்யூன் இறந்தது 1939-ல். ஆபரேஷன் செய்யும்போது விரலில் பட்ட வெட்டு சீழ்பிடித்து, ரத்தத்தில் நஞ்சு ஏறிப் போனார். அவர் விட்ட இடத்துக்குத்தான் கோட்னிஸ் வந்தார்.

அதே ஆண்டு அங்கே நர்ஸாக இருந்த குவோ சிங்லானைத் திருமணம் செய்துகொண்டார். மகனுக்கு இன்ஹுவா என்று பெயர். ‘இன்’ என்றால் இந்தியா, ‘ஹுவா’ என்றால் சீனா. குழந்தை பிறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, 1942 டிசம்பர் 9 அன்று கோட்னிஸ் இறந்துபோனார். வயது 32.

படம் எங்கே விலகுகிறது?

கதைக்கு அடிப்படை கே.ஏ. அப்பாஸ் எழுதிய புத்தகம். திரைக்கதையிலும் அவர் பங்கு உண்டு. இசை வசந்த் தேசாய். சிங்லானாக நடித்தவர் ஜெயஸ்ரீ. சீனப் பெண் சரளமாக இந்தி பேசுவார், பாட்டுப் பாடுவார். 1946 சினிமா, அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பெரிய விலகல் மரணத்தில்தான். படத்தில் கோட்னிஸ் ஒரு கொள்ளைநோய்க்கு மருந்து தேடுகிறார், அந்த நோய் அவரையே தொற்றிக்கொள்கிறது. ஜப்பானியர்களிடம் சிக்கித் தப்புகிற கட்டமும் உண்டு. நிஜத்தில் அவரைக் கொண்டுபோனது வலிப்பு நோய். ஓய்வே இல்லாத வேலை, அரைகுறைச் சாப்பாடு, அடிக்கடி வந்த வலிப்பு. திரையில் காட்ட அது அவ்வளவு வசதியான மரணம் இல்லை. ஆனால் எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. தனக்கு நோய் இருப்பது தெரிந்தும் அவர் வேலையை விடவில்லை.

இன்னொன்று. கோட்னிஸ் சிகிச்சை மட்டும் செய்யவில்லை. சீன மொழி கற்று, அந்த மொழியிலேயே மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். சாகும்போது அறுவை சிகிச்சைப் பாடநூல் ஒன்றைப் பாதி எழுதி வைத்திருந்தார். தனி ஆள் தியாகம் கண்ணீர் வரவழைக்கும். பத்துப் பேருக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பதில் அந்த டிராமா கிடையாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நீங்கள் இருக்கும் இதே மகாராஷ்டிராவில் அதற்குக் கணக்கே இருக்கிறது. கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பச்சிளம் குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி கொடுத்தார்கள். வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, எடை போடுவது, நிமோனியாவைக் கண்டுபிடிப்பது, தொற்று இருந்தால் ஊசி போடுவது. 1999-ல் ‘லான்செட்’ இதழில் முடிவுகள் வந்தன. ஒப்பீட்டுக்கு எடுத்த கிராமங்களோடு வைத்துப் பார்த்தால், மூன்றாம் ஆண்டில் பச்சிளம் குழந்தை இறப்பு 62% குறைந்திருந்தது. நம்ம தர்மபுரி பக்கம் சிட்லிங்கியில் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993 முதல் செய்துவருவதும் இதே வழிதான்: பழங்குடிப் பெண்களை நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்குவது. இந்தக் கதைகளைப் படமாக எடுத்தால் கிளைமாக்ஸ் எங்கே வைப்பது என்று டைரக்டர் திணறுவார்!

குடும்பம் என்ன ஆனது?

மகன் இன்ஹுவா மருத்துவம் படித்துக்கொண்டிருக்கும்போது 1967-ல் இறந்துபோனார், வயது 24. குவோ சிங்லான் 2012 வரை வாழ்ந்தார், இந்தியாவுக்குப் பல முறை வந்திருக்கிறார். சீனாவில் ஷிஜியாசுவாங் நகரத் தியாகிகள் நினைவிடத்தில் கோட்னிஸுக்குச் சிலை உண்டு. 1982-ல் அவர்களும் ஒரு படம் எடுத்தார்கள். 1962 போர், எல்லைத் தகராறு எல்லாவற்றையும் தாண்டி, இந்தியா வரும் சீனத் தலைவர்கள் கோட்னிஸ் குடும்பத்தாரைச் சந்திக்கும் வழக்கம் நீடித்தது. ஷி ஜின்பிங்கும் 2014-ல் சந்தித்தார்.

எங்கே பார்க்கலாம்?

இந்தியச் சட்டப்படி சினிமாவுக்குக் காப்புரிமை 60 ஆண்டுதான். ஆகவே 1946 படம் இப்போது பொதுச்சொத்து, இணையத்தில் தேடினால் கிடைக்கும். பழைய படங்களில் ஆர்வம் இருந்தால் லா காலேஜ் ரோட்டிலேயே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இருக்கிறது, 1964-ல் ஆரம்பித்தது. ஒரு சனி, ஞாயிறு கிடைத்தால் சோலாப்பூருக்கே போகலாம். கோட்னிஸ் குடும்பம் இருந்த வீடு இப்போது நினைவகம்.