குப்பையில் கிடக்கும் சரித்திரம்

மலர்க் குழுவிலிருந்து ஒரு சீனியர் போன் செய்தார். "தம்பி, நீ என்ஜினியர். அறிவியலா ஏதாவது எழுதிக் குடு" என்றார். "அண்ணே, நம்ம ஏரியா குப்பையைப் பத்தி எழுதட்டுமா?" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரித்திரமா எழுது, சண்டையா எழுதாதே" என்று அனுமதி கிடைத்தது. ஆகவே நண்பர்களே, இது சரித்திரம். சண்டை எங்கேயாவது எட்டிப் பார்த்தால் மன்னிக்கவும்.

நம் பக்கத்துச் சரித்திரமே வேண்டாமென்று விட்டுப்போன ஒரு பொருளில்தான் தொடங்குகிறது. 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்து ராணுவ மைதானத்தையொட்டிய சரளைக் குழியில் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதனுக்குக் கிடைத்த முதல் சாட்சி என்று இதைச் சொல்வார்கள். லட்சக்கணக்கான வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் வேலை முடிந்ததும் போட்டுவிட்டுப் போன கல். இன்று நாம் வீசும் ஷாம்பு சாஷேவும் அப்படியே யார் கையிலாவது கிடைக்கும். அவர்கள் நம்மைப் பற்றி என்ன எழுதுவார்களோ!

நம் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தபோது இங்கே இருந்தது சேலையூர்க் காடு. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்து (1931) ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. 365 ஏக்கர் வளாகத்தில் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் நட்ட மரங்களின் நிழலில்தான் நாமெல்லாம் வகுப்பைக் கட் அடித்தோம். அந்தக் காலத்துத் தாம்பரத்தில் குப்பை லாரிக்குத் தேவை இருந்திருக்காது. சாப்பாட்டு மிச்சம் மாட்டுக்கு, சாணி வயலுக்கு, சாம்பல் பாத்திரம் தேய்க்க.

மிச்சத்துக்கு ஆட்கள் தெருவுக்கே வருவார்கள். "பழைய இரும்பு சாமானுக்குப் பேரீச்சம்பழேம்ம்" என்ற குரல் என் சின்ன வயசு வரைக்கும் இருந்தது. பழைய புடவைக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மா வந்தால் எங்க பாட்டி அரை மணி நேரம் பேரம் பேசுவார்கள். பேப்பர்காரர் தராசை லேசாய்த் தூக்கிப் பிடிப்பதும் நாம் அதைக் கண்டும் காணாததுபோல இருப்பதும் ஒரு மரபு. காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்த பெயர் என்று சொல்லப்படும் காயலான் கடையில் இதெல்லாம் போய்ச் சேரும். (இந்த மலரும் ஒருநாள் அங்கே போகும், குழுவினர் கோபிக்க வேண்டாம்.) ரீசைக்ளிங் என்ற வார்த்தை தெரியாமலே நடந்த ரீசைக்ளிங் இது.

இதற்குள் அடங்காத கழிவு தொழிற்சாலையில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். பம்மல், நாகல்கேணி பக்கமெல்லாம் தோல் பதனிடும் தொழில் பரவியது. பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது, கிணற்றுத் தண்ணீரையும் கெடுத்தது. 1990களில் பம்மலில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. பாலாற்றங்கரைத் தோல் கழிவுக்காக வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று தீர்ப்புச் சொன்னது.

வீட்டுக் குப்பைக்கு வருகிறேன். மனை போட்டு, வீடு கட்டி, ஜனம் வந்து குவிந்தபோது மாடு போச்சு, வயல் போச்சு, பாலிதீன் பை வந்தது. காலி மனையும் ஏரிக்கரையும் குப்பைமேடாயின. பல்லாவரம் பெரிய ஏரியை ரேடியல் ரோடு இரண்டாகப் பிளந்தது. மிஞ்சிய நீரில் குப்பை விழுந்தது.

1989-ல் சென்னையில் எம்.பி. நிர்மல் எக்ஸ்னோரா என்ற அமைப்பைத் தொடங்கினார். சிறந்த, புதுமையான, புரட்சிகரமான என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் தலைகளை ஒட்டிச் செய்த பெயர் அது. திட்டம் ரொம்ப எளிமை. தெருக்காரர்கள் மாதம் ஒரு சின்னத் தொகை போட்டு ஒரு ட்ரைசைக்கிள் வாங்குவது, குப்பை பொறுக்கிப் பிழைத்த ஒருவரையே சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது. அவருக்கு 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்' என்று புதுப் பெயர். பெயரை மாற்றியதைச் சிலர் கேலி செய்தார்கள். மாதச் சம்பளத்தோடு ஒரு பெயரும் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை என்பது என் கருத்து.

பம்மல் சங்கரா நகர்ப் பெண்கள் 1994-ல் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். மங்களம் பாலசுப்பிரமணியன் முன்னின்றார். மகளிர் மன்றமாகக் கூடி, வீடு வீடாகப் பணமும் குப்பையும் சேர்த்தார்கள். சேர்த்த குப்பையை இன்னொருத்தர் வீட்டுப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினால் அது சுத்தமா? இந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட பதில் மண்புழு.

இங்கே என்ஜினியர் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். ஒரு ஆள் தினம் அரைக் கிலோ குப்பை போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு கிலோ. ஆயிரம் வீட்டுக்கு இரண்டு டன். நம் ஊர்க் குப்பையில் ஏறக்குறையப் பாதி காய்கறித் தோலும் சோறும். அது தனியாக வந்தால், மிச்சமுள்ளதில் பேப்பரும் பாட்டிலும் தகரமும் சுத்தமாக விலைக்குப் போகும். சாம்பாரில் நனைந்த பேப்பரை எந்தக் காயலான் கடையும் வாங்காது. ஒரே ஒரு வாளி வித்தியாசம், பொருளா குப்பையா என்பதைத் தீர்மானிக்கிறது.

பச்சைக் குப்பையை நேராகப் புழுவிடம் போடக் கூடாது. அழுக ஆரம்பிக்கும்போது உள்ளே சூடு ஐம்பது டிகிரியைத் தாண்டும், புழு செத்துப்போகும். சாணிக் கரைசல் தெளித்து, இரண்டு மூன்று வாரம் புரட்டிப் புரட்டி ஆறவிட்டுத்தான் புழுவை விட வேண்டும். பிறகு ஒன்றரை மாதம் போல ஆகும். ஈரம் குறைந்தாலும் போச்சு, கூடினாலும் போச்சு. இதைப் படித்த என்னைவிட, செய்கிற பெண்களுக்குக் கைப்பிடியிலேயே தெரியும்.

அந்த வேலை பின்னால் 'எக்ஸ்னோரா கிரீன் பம்மல்' என்ற பெயரில் பம்மலைத் தாண்டியும் பரவியது. குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லி மத்திய அரசு விதி போட்டது 2000-ல், மறுபடி 2016-ல். அதாவது சங்கரா நகர் அரசாங்கத்துக்கு ஆறு வருடம் முன்னால் இருந்தது. ஆனால் விதி வந்ததும் எல்லாம் நடந்துவிடவில்லை. நான் பிற்பாடு குடியிருந்த ஒரு தெருவில் (ஊர் பெயர் வேண்டாம்) நாங்கள் பச்சை வாளி, நீல வாளி என்று பிரித்து வைப்போம். வண்டி வந்ததும் இரண்டும் ஒன்றாய்க் கொட்டப்படும். பக்கத்து வீட்டு மாமி, "நாம பிரிச்சது அவங்களுக்குச் சேர்க்கத்தானாப்பா?" என்று கேட்டார். அன்றைக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

அடையாற்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர் ஏரிப் பக்கம் பிறந்து, சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேருகிற ஆறு. முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் எல்லாம் அதன் கரை. மழையில்லாத நாளில் ஆறு என்று யாரும் நம்ப மாட்டார்கள். 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அன்றைக்கு நம்பினார்கள்.

ஒரு திருத்தம். முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததே காரணம் என்று இன்றும் நம் வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகில். முடிச்சூர் அதற்கு மேல்பக்கம். எங்களை மூழ்கடித்தது எங்கள் மழையும், ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரியும், வழியில்லாமல் நின்ற வாய்க்கால்களும்தான். செம்பரம்பாக்கம் பற்றிய கேள்வி சைதாப்பேட்டைக்காரர்கள் கேட்க வேண்டியது. 2018-ல் தணிக்கைத் துறை அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது.

எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் கழுத்தளவு தண்ணீர். வடிந்த பிறகு தெருமுனைக் கல்வெட்டைக் கடப்பாரையால் குத்தித் திறந்தோம். உள்ளே மண் கொஞ்சம்தான். பை, பால் கவர், தெர்மகோல் தட்டு, ஒரு குழந்தையின் செருப்பு. பைகளில் ஒன்றில் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் மளிகைக் கடையின் பெயர் இருந்தது. நான் வாங்கி வந்ததாகவும் இருக்கலாம்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. அந்த வருடக் கோடையில் தண்ணீரில்லாமல் தவித்தபோது சிட்லபாக்கத்துக்காரர்கள் தாங்களே இறங்கி ஏரியைத் தூர் எடுத்தார்கள். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியானது. பம்மலும் அனகாபுத்தூரும் பல்லாவரமும் அதற்குள் வந்தன. மண்புழுவும் குப்பைமேடும் இப்போது ஒரே நிர்வாகத்தின் கீழ்.

வெள்ளத்துக்கு அடுத்த வாரமே எங்கள் தெருவுக்குக் காயலான் கடைக்காரர் வந்தார். ஊறிப்போன மெத்தை, பீரோ, என் பி.எஸ்ஸி. நோட்டுகள் எல்லாம் வாசலில் கிடந்தன. பின்னால் லேட்டரல் என்ட்ரியில் படித்த பி.இ. சிவில் புத்தகங்களும் கஞ்சியாகிவிட்டன. "ஈரமா இருக்கு சார், எடை போட முடியாது, சும்மா வேணா எடுத்துக்கிறேன்" என்றார். கொடுத்துவிட்டோம். அம்மா குவியலைக் கிளறி என் பட்டச் சான்றிதழை மட்டும் எடுத்தார்கள். அது லேமினேட் செய்தது. பிளாஸ்டிக் காப்பாற்றியது என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.