நூற்பட்டியலில் ஏறும் நாள்: காப்புரிமையும் பல்கலைக்கழக நூலகமும்

பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் பரிமாற்றம் பற்றிய விவாதங்களில் நூலகத்துக்கு ஒதுக்கப்படுவது தரவுத்தளச் சந்தாவும் காப்புரிமைத் தேடல் பயிற்சியும்தான். இரண்டும் தேவையானவையே. ஆனால் ஒரு கண்டுபிடிப்பின் புதுமை நிலைக்குமா என்பதை நூலகத்தின் அன்றாட வேலையே தீர்மானித்துவிடுவதுண்டு. அமெரிக்க வழக்குகள் சில இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

1986இல் தீர்ப்பான ஹால் வழக்கில் காப்புரிமைக்குக் குறுக்கே நின்றது, ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழக நூலகத்திலிருந்த ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு. அது எந்த நாளில் நூற்பட்டியலில் ஏறியது என்பதற்குத் துல்லியமான சான்று இல்லை. வந்துசேரும் ஆய்வேடுகளைத் தம் நூலகம் வழக்கமாக எப்படிப் பட்டியலிடும் என்று நூலக அதிகாரி உறுதிமொழிப் பத்திரம் அளித்தார். நீதிமன்றம் அந்த வழக்கத்தையே சான்றாக ஏற்றது. ஒரே நூலகத்தில் பட்டியலிடப்பட்ட ஒரே படி, உலகுக்கு வெளியான நூலாகிவிட்டது.

1989இன் குரோனின் வழக்கில் விளைவு நேர்மாறு. ரீட் கல்லூரி மாணவர்களின் மூன்று ஆய்வேடுகளுக்கான அட்டைகள் வேதியியல் துறையில் ஒரு காலணிப் பெட்டிக்குள், மாணவர் பெயரின் அகரவரிசையில் இருந்தன. பொருள்வாரியாகத் தேட வழியில்லாததால் அவை வெளியானவையாகக் கொள்ளப்படவில்லை. அதற்கு முன், 1978இல், டொலிடோ பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தும் பட்டியலில் ஏறாதிருந்த ஆய்வேடும் இவ்வாறே விலக்கப்பட்டது. பொருள் தலைப்புகளைப் பற்றி நூலகர் வாதிட்டால் சலித்துக்கொள்ளும் துறைத்தலைவர்கள் இத்தீர்ப்புகளைப் படிக்கலாம்.

இந்தியாவில் சிக்கல் இன்னும் கூர்மையானது. கண்டுபிடித்தவரே வெளியிட்டதற்கு அமெரிக்கச் சட்டம் ஓராண்டு அவகாசம் தருகிறது. 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் அவ்வளவு தாராளமானதல்ல. அதன் 31ஆம் பிரிவின் 12 மாதச் சலுகை, அரசு அறிவித்த கண்காட்சி, கற்றோர் அவையில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கே உரியது. வலையேற்றிய ஆய்வேடு அதில் பெயர் சொல்லப்படவில்லை. பட்டம் வழங்குமுன் ஆய்வேட்டின் மின்படி, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையமான இன்ஃப்ளிப்நெட்டுக்குச் செல்ல வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதி. அம்மையத்தின் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறிய ஆய்வேடு யாருடைய தேடலுக்கும் அகப்படும். காலணிப் பெட்டிக்கு அங்கே இடமில்லை.

நூலகம் தலையிட ஏற்ற இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் ஒப்புமைச் சோதனைச் சான்றுக்காக ஆய்வாளர் நூலகத்துக்குத்தான் வருகிறார். பொது வாய்மொழித் தேர்வு, வலையேற்றம் இரண்டுக்கும் முந்தைய கட்டம் அது. ‘இதில் காப்புரிமைக்குரியது ஏதேனும் உண்டா?’ என்ற ஒரு கேள்வி அந்தப் படிவத்தில் இருந்தால், ‘ஆம்’ என்ற விடை அன்றே அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்குப் போய்ச் சேரும்.

அப்படிப் போன ஆய்வேட்டின் வலையேற்றத்தைச் சற்று நிறுத்திவைத்தால், திறந்த அணுக்கத்தை ஆதரிக்கும் நூலகர்கள் அதை மூடிவைக்கும் தந்திரம் என்பார்கள். அச்சம் நியாயமானதே, ஆனால் தேவைப்படும் தாமதம் சிறிது. 9ஆம் பிரிவின்படி தற்காலிக விவரக்குறிப்புடன் விண்ணப்பித்தால், முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கும். அந்த விண்ணப்பம் பதிவானதும், அதில் விவரிக்கப்பட்ட அளவுக்கு ஆய்வேட்டை வெளியிடுவதால் புதுமை கெடாது. ஆகவே பூட்டு, விண்ணப்பம் பதிவாகும்வரை மட்டும். அது தானே விலகும் நாளையும் முதலிலேயே குறித்துவிட வேண்டும். இல்லையேல் சோம்பலுக்கும் அது புகலிடமாகும். காப்புரிமைக்குத் தகுமா என்று முடிவு செய்வது நூலகர் வேலையன்று. ஆய்வேடு எப்போது வந்தது, எப்போது பட்டியலில் ஏறியது, எப்போது எல்லோருக்கும் திறந்தது என்று நாள் தவறாமல் பதிவதே அவர் வேலை. வழக்கு வந்தால் உறுதிமொழிப் பத்திரம் அவரிடம்தான் கேட்கப்படும்.